பிக்கப்புக்குப் புது டிஸ்க், புது டயர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அம்பர்நாத் கிழக்கில், ஆனந்த் நகர் எம்.ஐ.டி.சி. பக்கம் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். போலேரோ பிக்கப், டாடா ஏஸ், இன்ட்ரா, தோஸ்த் என்று லோடுக்குக் காத்திருக்கும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஊரில் ‘குட்டி யானை’ என்பதை இங்கே ‘சோட்டா ஹாத்தி’ என்கிறார்கள். தாராவியிலும் செம்பூரிலும் வாடகை கட்டி மாளாமல் இந்தப் பக்கம் வந்த நம்மவர்களில் சில வீடுகளுக்கு இந்த வண்டிதான் சோறு போடுகிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி அப்படி ஒரு பழைய பிக்கப் வாங்கினான். வாங்கிய மறுநாளே வந்து நின்றான்.

“அண்ணே, குர்லா சி.எஸ்.டி. ரோட்டுல கறுப்பு அலாய் பார்த்தேன். அகல டயரோட நாலும் மாட்டினா வண்டி எப்படி இருக்கும்!”

“எவ்வளவு லோடு அடிக்கப் போறே?”

“பில்லுல என்ன போட்டிருக்கோ அது.”

“வண்டியை எடை போட்டுப் பார்த்தியா?”

பதில் இல்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் முதல் பிக்கப்பில் பின்னால் இரண்டு கார் டயரை மாட்டியவன் நான். அதே 215/75 ஆர்15 அளவு, விலை மட்டும் குறைவு. நாலாவது மாதம் நேவாளி நாக்கா தாண்டி, இரும்புச் சாமான் லோடோடு வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால், டயரின் பக்கச் சுவரில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கொப்பளம். டயரில் ஒரு குறையும் இல்லை. கூலி மிச்சம் பிடிக்க ஆள் மாற்றி வேலை கொடுத்தது நான்தான். அன்று கற்றதையும் அதற்குப் பிறகு கற்றதையும் தம்பிக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

செய்ய வேண்டியவை

1. முதலில் எடை மேடைக்குப் போங்கள். இங்கே அதற்குப் பெயர் ‘காண்டா’. வழக்கமாக ஏற்றும் முழு லோடு, டீசல், டிரைவர், கிளீனர் எல்லாம் சேர்த்து ஒரு முறை எடை போடுங்கள். அடுத்து பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு முறை. தம்பியின் வண்டி மொத்தம் 3,120 கிலோ வந்தது. அதில் பின் அச்சில் மட்டும் 1,960 கிலோ. அப்படியானால் பின் டயர் ஒவ்வொன்றும் 980 கிலோ சுமக்கிறது. டயர் கடையில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் எண் இதுதான். மொத்த எடை ஆர்.சி. புத்தகத்தில் எழுதியதைத் தாண்டினால் டயர் பேச்சை விட்டுவிட்டு லோடைக் குறையுங்கள். கூடுதல் லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. அதற்கு மேல் டன்னுக்கு 2,000 ரூபாய்.

2. டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். 215/75 ஆர்15 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரேடியல், ரிம் 15 அங்குலம். இத்தனையும் அளவுதான். டயரின் பலத்தை அதற்கு அடுத்து வரும் எண் சொல்கிறது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900, 106 என்றால் 950, 107 என்றால் 975, 108 என்றால் 1,000. தம்பிக்குத் தேவை 980 கிலோ. 107 ஐந்து கிலோ குறைகிறது, அதனால் 108-க்குக் கீழே அவன் கை வைக்கவே கூடாது. 106/103 என்று இரட்டை எண் இருந்தால், முதலாவது ஒற்றை டயராக ஓடும்போது, இரண்டாவது பின்னால் ஜோடியாக மாட்டும்போது.

3. ‘எல்.டி.’ என்ற எழுத்தையும் பி.ஆர். எண்ணையும் தேடுங்கள். எல்.டி. என்பது இலகு ரக லாரி டயர். 8 பி.ஆர்., 12 பி.ஆர். என்பது சட்டகத்தின் வலிமையைக் காட்டும். நான் மாட்டிய கார் டயரில் எண் 100. அதே அளவில் எல்.டி. டயர் 106-இல் கிடைக்கும். ஒரு டயருக்கு 150 கிலோ, ஓர் அச்சுக்கு 300 கிலோ வித்தியாசம். என் கொப்பளத்துக்குக் காரணம் அந்த 300 கிலோதான்.

4. கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள். கம்பெனி அனுமதித்த டயர் அளவு, காற்று அளவு இரண்டும் அதில் இருக்கும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். காற்றை டயர் ஆறியிருக்கும்போது, காலையில் முதல் சவாரிக்கு முன் பிடியுங்கள்.

5. டயரின் வயதைப் பாருங்கள். ‘டாட்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். டயர் நம் ஊருக்குப் புதிது இல்லை. 1924-இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்து 1958-இல் இந்தியாவுக்கு வந்த சியட் நிறுவனத்துக்குப் பாண்டுப்பிலும் ஆலை உண்டு, இங்கே அம்பர்நாத்திலும் உண்டு. அம்பர்நாத் ஆலையில் டிராக்டர் போன்ற வண்டிகளுக்கான டயர் தயாராகிறது. ஆலை தெருக்கோடியில் இருப்பதால் கடையில் தொங்கும் டயரும் புதுசு என்று ஆகிவிடாது. எந்த பிராண்டானாலும் குனிந்து அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். இரண்டு வருடம் கிடங்கில் கிடந்த டயருக்குப் புது டயர் விலை கொடுக்காதீர்கள்.

6. முத்திரை பாருங்கள். வணிக வண்டி டயருக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15636. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அலாய் டிஸ்க்கில் ‘ஜே.டபிள்யூ.எல்.’ என்று ஜப்பானிய முத்திரை இருந்தால், அது கார் வகைக்கான சோதனை. லாரி, பஸ் வகைக்கு ‘ஜே.டபிள்யூ.எல்.-டி’ என்று தனி முத்திரை உண்டு. கடைக்காரர் முதலாவதைக் காட்டி “ஜப்பான் குவாலிட்டி” என்றால், அந்த டிஸ்க் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். அந்த எண்ணும் டிஸ்க்கின் பின்பக்கம் பொறித்திருக்க வேண்டும்.

7. பழைய டிஸ்க் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நான்கு அளவு பொருந்த வேண்டும்: போல்ட் எண்ணிக்கையும் போல்ட் வட்டமும், நடு ஓட்டை, ரிம்மின் அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப் மேல் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம்). டொயோட்டா ஹைலக்ஸில் ஆறு போல்ட், வட்டம் 139.7 மி.மீ., நடு ஓட்டை 106.1 மி.மீ. நடு ஓட்டை பெரிதாக இருந்தால் டிஸ்க் ஹப்பின் மேல் உட்காராது. போல்ட்டுகளே எல்லாப் பாரத்தையும் வாங்கும், வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

8. உங்கள் ரோட்டுக்கு ஏற்ற பட்டன், அதாவது டயர் மேல்பரப்பின் வெட்டு வடிவம், பார்த்து எடுங்கள். எம்.ஐ.டி.சி.யிலிருந்து கடாய் நாக்கா, ஷில் பாட்டா வழியாக வாஷி மார்க்கெட் வரை முழுக்கத் தார், கான்கிரீட். இதற்கு ஹைவே பட்டன் போதும். கல்குவாரி, செங்கல் சூளை, கட்டடம் எழும்பும் மண் ரோடு என்று பாதி நாள் போகிறவர்கள் ஆல்-டெரெய்ன் எடுக்கலாம். சேற்றுக்கான முரட்டுப் பட்டன் தார் ரோட்டில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும், மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும்.

நம் பக்கத்து மழையை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். 2019 ஜூலை 27 அன்று உல்லாஸ் ஆற்று வெள்ளத்தில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் நின்றுபோனது பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவில்தான். டயருக்கு அவ்வளவு வெள்ளம் தேவையில்லை. பட்டன் தேய்ந்திருந்தால் ரோட்டில் விரலளவு தண்ணீர் நின்றாலே அது ரோட்டை விட்டு மிதக்கும். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. நான் 3 மி.மீ. வந்ததும், ஜூன் பிறக்கும் முன்பே மாற்றிவிடுவேன்.

9. கணக்கை ஐந்தாகப் போடுங்கள். நாலு புது டிஸ்க் மாட்டிவிட்டு ஸ்டெப்னியை மறப்பவர்கள் நிறைய. அளவு மாறிய ஸ்டெப்னி, ராத்திரி பத்து மணிக்கு மால்ஷேஜ் மலைப்பாதையில் பஞ்சரானால், இருந்தும் இல்லாத ஸ்டெப்னி. அதன் நட்டும் ஜாக்கியும் புது டிஸ்க்குக்குச் சேருமா என்று வீட்டு வாசலிலேயே ஒரு முறை மாட்டிப் பாருங்கள்.

10. மாட்டிய பின் இரண்டாவது தடவை இறுக்குங்கள். நட்டை எதிரெதிராக, நட்சத்திரம் போடுவதுபோல் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று இழுத்ததோடு விடாமல், டார்க் ரெஞ்ச்சால் முடிக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். புது டிஸ்க் உட்காரும்போது நட்டு தளரும்.

செய்யக்கூடாதவை

1. ‘ஒரு சைஸ் ஏத்திப் போடலாம்’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். 215/75 ஆர்15-இன் விட்டம் 703.5 மி.மீ. 235/75 ஆர்15-இன் விட்டம் 733.5 மி.மீ. மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். மீட்டரில் 60 காட்டும்போது வண்டி 62.6-இல் போகும். கியர் இழுவையும் பிரேக்கின் பிடியும் அதே நாலு சதவீதம் குறையும். காலி வண்டியில் தெரியாது. லோடோடு கசாரா மலைப்பாதையில் ஏறி இறங்கும்போது தெரியும்.

2. சக்கரத்தை வெளியே தள்ளாதீர்கள். உங்கள் டிஸ்க் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 30 என்று வைத்துக்கொள்வோம். கடையில் காட்டுவது 8 அங்குலம், ஆஃப்செட் பூஜ்யம். வெளி விளிம்பு 55 மி.மீ. பக்கவாட்டில் நகரும். நெம்புகோல் வைத்து வீல் பேரிங்கை நெம்புவதுபோல் ஆகிவிடும். சேறு மட்கார்டில் நிற்காமல் பின்னால் வரும் பைக் ஓட்டுபவர் முகத்தில் அடிக்கும். ஸ்பேசர் தகடு வைத்துத் தள்ளுவது இதைவிட மோசம்.

3. ட்யூப் ரிம்மில் ட்யூப்லெஸ் டயரைப் போடாதீர்கள். ட்யூப்லெஸ் ரிம்மில் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு மேடு உண்டு. அது இல்லாத ரிம்மில், காற்று குறைந்த நேரம் வளைவில் திரும்பினால் டயர் கழன்றுகொள்ளும்.

4. ஒரே அச்சில் ரேடியலையும் நைலானையும் கலக்காதீர்கள். இரண்டும் லோடில் வேறு வேறு மாதிரி நெளியும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிராண்டு, பட்டன், தேய்மானம் மூன்றும் ஓர் அச்சிலாவது ஒன்றாக இருக்கட்டும்.

5. முன்னால் ரீட்ரெட் டயர் மாட்டாதீர்கள். பின்னால் ஒன்று கழன்றால் வண்டி ஆடும். முன்னால் கழன்றால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது.

6. வெல்டிங் வைத்த அலாய் வாங்காதீர்கள். இரும்பு டிஸ்க் பள்ளத்தில் விழுந்தால் வளையும், கண்ணுக்குத் தெரியும். அலாய் விரிசல் விடும், அதைப் புட்டியும் பெயின்ட்டும் மறைத்துவிடும். செகண்ட்ஹேண்ட் அலாய் எடுத்தே தீர வேண்டுமென்றால் டயரைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள், பேலன்சிங் மெஷினில் சுற்றிப் பாருங்கள். கழற்றவே கூடாது என்று கடைக்காரர் மறுத்தால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

7. இரும்பு டிஸ்க்கின் நட்டை அலாய்க்கு மாட்டாதீர்கள். நட்டின் அடிப்பாகம் சில டிஸ்க்கில் கூம்பு, சிலவற்றில் உருண்டை. இரண்டும் சேராது. இறுகியதுபோல் தெரியும், ஓடும்போது தளரும்.

8. சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். ஓடி வந்த டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். வெடித்துவிடும் என்று பயந்து இறக்கினால், ஆறியதும் காற்று குறைந்திருக்கும். லோடு டயரைக் கொல்வது பெரும்பாலும் குறைந்த காற்றும் அதனால் ஏறும் சூடும்தான்.

9. சட்டத்தை மறக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வண்டிக்குக் கம்பெனி அனுமதித்த அளவுகளுக்குள் நின்றுகொண்டால் ஆர்.டி.ஓ.வுக்கும் பதில் சொல்லலாம், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ்காரருக்கும் பதில் சொல்லலாம்.

காண்டா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி கடைக்குப் போனான். அவன் பார்த்த கறுப்பு அலாய் ஒவ்வொன்றும் 690 கிலோவுக்கானது என்று அதன் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தது. அவன் வண்டி கேட்பது 980. இரும்பு டிஸ்க்கையே வைத்துக்கொண்டு, கம்பெனி அளவிலேயே 108 எண் கொண்ட எல்.டி. டயர் ஐந்து வாங்கி வந்தான். மிச்சப் பணத்தில் அலைன்மென்ட் செய்துகொண்டு ஒரு டப்பா கறுப்பு பெயின்ட்டும் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஐந்து டிஸ்க்குக்கும் அவனே அடித்தான். நட்டு உட்காரும் குழியிலும் ஹப் மேல் பதியும் முகத்திலும் மட்டும் டேப் ஒட்டி மறைக்கச் சொன்னேன். அங்கே பெயின்ட் தடித்தால் அது நசுங்கியதும் நட்டு தளர்ந்துவிடும்.

திங்கட்கிழமை காலை எம்.ஐ.டி.சி. வாசலில் வண்டி நின்றது. பக்கத்து வண்டிக்காரர் இறங்கி வந்து, அலாய் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.