உறுப்பினர் வாக்கு யாருடையது?

புதுச்சேரி நகரப் பகுதிகளுள் கதிர்காமம் என்பதும் ஒன்று. ஈழநாட்டிலே முருகன் திருத்தலமாய் விளங்கும் ஊரின் பெயரையே இதுவும் தாங்கி நிற்கின்றது. புதுவைச் சட்டமன்றத்திற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் தொகுதிக்கும் இப்பெயரே வழங்குகின்றது. தேர்தல் நாளன்று இவ்வூரார் வாக்குச்சாவடியில் வரிசையாய் நின்று உட்செல்லுங்கால், வாக்குப்பொறியின்மீது வேட்பாளரின் பெயரையும், அதன் அருகே அவர்தம் சின்னத்தையும் காண்பர். பொத்தானை அழுத்தும் விரல் பெயரை நாடிச் செல்கின்றதா? சின்னத்தை நாடிச் செல்கின்றதா? இவ்வினா எளிதுபோலத் தோன்றினும், மக்களாட்சியின் பெருஞ்சிக்கல் ஒன்று இதனுள் அடங்கியுள்ளது.

கதிர்காமத்து வாக்காளரே இதற்கு இருவகையாகவும் விடை கூறியுள்ளனர். 2001 முதல் 2008 வரை காங்கிரசுக் கட்சியின் சார்பில் முதலமைச்சராய் இருந்தவர் திரு. ந. ரங்கசாமி. அவர் அக்கட்சியை விட்டு நீங்கி, 2011 பிப்பிரவரித் திங்களில் புதிய கட்சி ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டுத் தேர்தலில் கதிர்காமத்தில் நின்று வென்று, மே திங்களில் மீண்டும் முதலமைச்சரானார். அப்போது அக்கட்சிக்கு வயது மூன்று திங்களே. ஆகவே, மக்கள் அன்று ஆளைப் பார்த்தே வாக்களித்தனர் என்பது தெளிவு. ஆனால், 2016-இல் அவர் வேறு தொகுதியில் நின்றார், கதிர்காமத்தில் அவர் கட்சியைச் சார்ந்த வேறொருவர் நின்றார், வெற்றியும் பெற்றார். 2021-இலும் அக்கட்சியே அங்கு வென்றது. முதலில் ஆளுக்கு அளிக்கப்பெற்ற வாக்கு, பின்னர்க் கட்சிக்கு உரியதாயிற்று.

இவ்வாறு பாதி ஆளாகவும் பாதி சின்னமாகவும் அவைக்குட் புகும் உறுப்பினர், ஒரு சட்டத்தின்மேல் வாக்களிக்கும்பொழுது யார் சொற்படி நடத்தல் வேண்டும்? தம் அறிவின்படியா? தம்மை அனுப்பிய ஊராரின் விருப்பப்படியா? கட்சியின் கட்டளைப்படியா?

ஆங்கில நாட்டு அறிஞர் எட்மண்டு பர்க்கு, 1774-இல் தம்மைத் தேர்ந்தெடுத்த பிரிசுடல் நகரத்தாரிடம், தம் உழைப்பேயன்றித் தம் சிந்தனையும் அவர்களுக்கு உரியது என்றும், அவர்கள் கருத்துக்கு அடிமையாகித் தம் அறிவைத் துறத்தல் அவர்களுக்கே இழைக்கும் தீங்காகும் என்றும் கூறினார். கூறியது பெருமையே, ஆயினும் 1780-இல் அந்நகரத்தாரின் ஆதரவை இழந்து, போட்டியினின்றும் அவர் விலக நேர்ந்தது.

கட்சிக் கட்டுப்பாடு தீயது என்று இதனால் எண்ணிவிடலாகாது. நூற்றுக்கணக்கானோர் கூடிய அவையிலே ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் வாக்களிப்பின், வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமா? அமைச்சரவை ஒரு திங்களேனும் நிலைக்குமா? தேர்தல் அறிக்கையில் மக்களுக்குக் கொடுத்த உறுதிமொழியைக் காப்பதற்கும் கட்சியின் ஒற்றுமை வேண்டும். ஆதலின் ஒவ்வொரு கட்சியும் தன் உறுப்பினரை வாக்கெடுப்பின்போது ஒருங்கு திரட்டுதற்குக் கொறடா என்னும் அலுவலரை அமைத்துக் கொள்கின்றது. கொறடா எனின் சவுக்கு என்பது பொருள். வேட்டை நாய்கள் கூட்டத்தை விட்டுச் சிதறாவண்ணம் சவுக்குடன் காத்து நிற்கும் வேட்டையாளின் பெயரையே ஆங்கிலேயர் தம் பாராளுமன்றத்தில் இப்பதவிக்கு இட்டனர். மக்கள் பேராளருக்கு அவ்வளவு சிறப்புத் தரும் உவமை அன்று அது!

இனி, கட்சி மாறுவோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலும் பொருந்தாது. புதுவையின் வரலாறே இதற்குச் சான்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் எதுவார் குபேர் என்பவர் பிரான்சு நாட்டு மன்றத்திலே பிரெஞ்சிந்தியாவின் பேராளராய் அமர்ந்திருந்தார். பிரெஞ்சு ஆட்சியின் பக்கமே நின்ற அவர், 1954 மார்ச்சுத் திங்களில் இந்தியாவுடன் இணைதலே தக்கது என்று அணி மாறி, நெட்டப்பாக்கத்தைக் களமாகக் கொண்டு போராடினார். அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் மக்கள் பேராளர் 178 பேர் கூடி வாக்களித்தபோது, 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். 1963-இல் புதுவைக்குச் சட்டமன்றம் அமைந்தபொழுது, காங்கிரசின் சார்பில் முதல் முதலமைச்சரானவரும் அவரே. அணி மாறியவர் என்று அவரை ஏசியோரும் இருந்திருப்பர். எனினும் அம்மாற்றம் இணைப்பின் வெற்றியை விரைவுபடுத்தியது என்பதை மறுத்தற்கில்லை.

குபேரின் மாற்றம் போன்றதன்று 1967-இல் அரியானாவில் நிகழ்ந்தது. அங்குக் கயா லால் என்னும் உறுப்பினர் இரண்டு கிழமைகளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ என்னும் கேலிமொழி, அதாவது ‘வந்தான் ராமன், போனான் ராமன்’ என்பது, அன்று தோன்றி நாடெங்கும் பரவியது. பதவிக்கும் பொருளுக்கும் உறுப்பினரை விலை பேசும் சந்தை பெருகவே, 1985-இல் அரசியலமைப்பின் 52-ஆம் திருத்தத்தால் கட்சித் தாவல் தடைச் சட்டம் பிறந்தது. இது பத்தாம் அட்டவணை எனப்படும்.

இச்சட்டத்தின்படி, தம் கட்சியைத் தாமே துறக்கும் உறுப்பினர் பதவி இழப்பர். கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பவரும், வாக்களிக்காது ஒதுங்குபவரும் அவ்வாறே இழப்பர். முன்னரே இசைவு பெற்றிருப்பினும், கட்சி 15 நாட்களுக்குள் பொறுத்தருளினும் பிழைப்பர். மூன்றில் ஒரு பங்கினர் ஒருங்கு பிரிந்தால் குற்றமன்று என முதலில் இருந்த விதி, 2003-இல் செய்த திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஒருவர் தாவினால் குற்றம், கூட்டமாய்த் தாவினால் குற்றமன்று என்பது வியப்பான நீதியன்றோ! மூன்றில் இரண்டு பங்கினர் உடன்பட்டு வேறு கட்சியுடன் இணைதற்கு மட்டும் இன்னும் இடமுண்டு. புதுதில்லியில் உள்ள பாராளுமன்றத்துக்கும் புதுவையில் உள்ள சட்டமன்றத்துக்கும் இச்சட்டம் ஒருங்கே செல்லும்.

ஒரு வாக்கின் ஆற்றலை 1999 ஏப்பிரல் 17-ஆம் நாள் நாடு கண்டது. அன்று பிரதமர் வாச்பாய் மக்களவையின் நம்பிக்கையைக் கோரினார். ஆதரித்தோர் 269 பேர். எதிர்த்தோர் 270 பேர். அமைச்சரவை வீழ்ந்தது. காசுமீரத்துத் தேசிய மாநாட்டுக் கட்சியின் உறுப்பினர் சைபுதீன் சோசு, அரசை ஆதரிக்குமாறு தம் கட்சி இட்ட கட்டளையை மீறி எதிர்த்து வாக்களித்திருந்தார். கட்சி அவரை விலக்கியது. அவர் செய்தது துணிவா, துரோகமா என்று அன்று தெருத்தோறும் வாதிட்டனர். இரண்டும் கூறுதற்கு இடமுண்டு. ஆயினும் அவர் மறைந்து செய்யவில்லை. எல்லோரும் காணச் செய்து, அதன் பயனையும் ஏற்றார் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

2008 சூலைத் திங்களில் மற்றொன்று நிகழ்ந்தது. மார்க்சியக் கட்சி மன்மோகன் சிங்கு அரசுக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. அக்கட்சியினராகிய சோமநாத் சாட்டர்சி மக்களவைத் தலைவராய் இருந்தார். பதவி விலகுமாறு கட்சி பணித்தும், அவைத்தலைவர் கட்சிக்கு அப்பாற்பட்டவர் என்று கூறி அவர் நடுவர் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். 275-க்கு 256 என்ற கணக்கில் அரசு பிழைத்தது. மறுநாளே கட்சி அவரை நீக்கியது.

இவ்விருவரும் அவையிலே வெளிப்படையாக நின்றவர்கள். புதுவையில் 2021-இல் நிகழ்ந்ததோ வேறு வகையானது. இச்சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுப்போர் 30 பேர். நடுவண் அரசு மூவர் வரை நியமிக்கலாம். அவ்வரசு 2017-இல் மூவரை நியமித்தது. அந்நியமனம் செல்லும் என்றும், அவர்கள் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வாக்களிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2020-இல் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் கட்சிக்கு மாறாக நடந்தார் என்று பதவி நீக்கம் செய்யப்பட்டார். பின்னர், 2021 சனவரி இறுதி முதல் ஏறத்தாழ ஒரு திங்களுக்குள், ஆளும் அணியினர் அறுவர் ஒருவர்பின் ஒருவராய்த் தம் உறுப்பினர் பதவியை விட்டு விலகினர். பிப்பிரவரி 22-ஆம் நாள் அவை கூடியபோது ஆளும் அணியில் 12 பேரும் எதிரணியில் 14 பேரும் இருந்தனர். எதிரணியின் 14 பேருள் மூவர் நியமனம் பெற்றவர். அவரை நீக்கி எண்ணின் எஞ்சுவோர் 11 பேரே. முதலமைச்சர் நாராயணசாமி வாக்கெடுப்புக்கு முன்னரே அவையை விட்டு வெளியேறினார். நம்பிக்கைத் தீர்மானம் தோற்றதாக அவைத்தலைவர் அறிவித்தார்.

இங்கு ஒன்றை நோக்குக. ஆளும் அணியினருள் ஒருவரும் கட்டளைக்கு மாறாகக் கை உயர்த்தவில்லை. கொறடாவின் ஆணையை ஒருவரும் அவையில் மீறவில்லை. எனினும் அரசு வீழ்ந்தது. மாறாக வாக்களிப்பவரைத் தண்டிக்கும் சட்டம், பதவியை விட்டு விலகுபவரை ஒன்றும் செய்வதில்லை. விலகியோருள் சிலர் அவ்வாண்டுத் தேர்தலில் எதிரணியின் சார்பில் நின்று வென்று, புதிய அமைச்சரவையிலும் இடம்பெற்றனர். மக்கள் அவர்களை மீண்டும் ஏற்றனர் என்று ஒரு சாரார் கூறுவர்; மக்களை நாடியே சென்றனராதலின் அஃது உண்மையே. ஆனால் ஐந்தாண்டுக்கு அளித்த பொறுப்பை இடையே இறக்கி வைத்ததற்கு அவர்தம் தொகுதியாரிடம் இசைவு கேட்டவர் யார்?

திருட்டை அடைக்க எழுப்பிய மதில், சிந்தனையின் வழியையும் அடைத்துவிட்டது; திருடருக்கோ புறக்கடை வாயில் திறந்தே கிடக்கின்றது. என் கருத்து இதுவே. அரசின் வாழ்வும் வீழ்வும் தங்கிய வாக்கெடுப்புகளுக்கு மட்டும் கட்டளை செல்லுதல் போதும். தினேசு கோசுவாமி குழு 1990-இலேயே இவ்வாறு பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றமும் 1992-இல் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தபோதே, நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைகளுக்கும் அப்பால் இத்தகைய கட்டளை நீளலாகாது எனக் குறித்தது. சட்டத்தின் சொற்களோ இன்றும் மாறவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடாவின் ஆணை இல்லை, 1969-இல் வி. வி. கிரி வெற்றி பெற்றது மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் என்னும் அழைப்பினாலன்றோ!

இவ்வளவும் கூறியபின் கதிர்காமத்து வாக்காளர் ஒருவர், ‘எங்கள் உறுப்பினர் சென்ற கூட்டத்தில் எச்சட்டத்திற்கு எவ்வாறு வாக்களித்தார்?’ என்று வினவுவதாகக் கொள்வோம். விடை பெறுதல் அரிது. பெரும்பாலான சட்டங்கள் குரல் வாக்கினாலேயே நிறைவேறுகின்றன. ஏற்போர் ‘ஆம்’ என்பர். மறுப்போர் ‘இல்லை’ என்பர். ஓசையைக் கேட்டு அவைத்தலைவர் முடிவு கூறுவர். பெயர் குறித்து எண்ணுமாறு எவரேனும் கோரினாலன்றி, எவர் எப்பக்கம் நின்றார் என்பது ஏட்டில் ஏறுவதில்லை.