புது வீட்டுக்குத் தண்ணீர்

ஊரில் ஒருவர் காணி வாங்கினால் இனசனம் முதலில் கேட்பது, "கிணறு எப்படி? நல்ல தண்ணியோ, உவரோ?" என்பதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லில் ஊறி நிற்கும் மழைநீரே எங்கள் கிணற்று நீர். ஆகவே வீட்டுக்கு முன்னே கிணற்றைப் பார்த்தார்கள். ரொறன்ரோவில் வீடு வாங்கும் நாமோ இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை. சமையலறைக் கல்லின் நிறத்தையும் குளியலறை ஓட்டையும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறோம். குடிபூரலுக்குப் பால் காய்ச்சி ஒரு மாதம் ஆன பிறகுதான் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறோம். அதுவும் யாராவது வந்து பயப்படுத்தினால்தான். அந்தப் பயத்தைத் தெளிவிப்பதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

ரொறன்ரோ மாநகரின் தண்ணீர் முழுவதும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுக்கப்படுகிறது. நான்கு நிலையங்கள் அதைச் சுத்திகரிக்கின்றன. குயின் வீதி கிழக்கின் முடிவில், ஏரிக்கரையில் அரண்மனை போல நிற்கும் ஆர். சி. ஹரிஸ் நிலையம் அவற்றுள் ஒன்று. அது 1941 இல் இயங்கத் தொடங்கியது. பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிச் சென்று வெளியிலிருந்தாவது காட்டுங்கள். மார்க்கத்துக்கும் பிராம்ப்டனுக்கும் வருவதும் ஏரித் தண்ணீரே. வடிகட்டிய நீரில் கிருமி கொல்லக் குளோரின் சேர்த்து, அது குழாய்களில் நெடுந்தூரம் நிலைத்து நிற்பதற்காகச் சிறிது அமோனியாவும் சேர்க்கிறார்கள். இரண்டும் கலந்து குளோரமீன் ஆகிறது. வெறுங் குளோரின் என்றால் குடத்தில் ஓரிரவு வைத்தால் பறந்துவிடும். குளோரமீன் இலகுவில் போகாது. அதனால் மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் நேரே குழாய்த் தண்ணீரை ஊற்றினால் மீன்கள் இறந்துபோகும். மனிதர் குடிப்பதற்கு அந்த அளவு தீங்கில்லை.

இனி, நீரின் கடினத்தன்மை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது கல்சியம், மக்னீசியம் உப்புக்கள். ஏரித் தண்ணீரில் இது லீற்றருக்குச் சுமார் 120 முதல் 125 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 7 கிரெயின். நடுத்தரக் கடினம் என்பார்கள். நிலத்தடி நீரைப் பாவிக்கும் குவெல்ஃப், கிச்சினர் பக்கங்களில் இது இரண்டு மூன்று மடங்குக்கு மேல். அங்கு வீடு வாங்குவோருக்கு நீரை மென்மையாக்கும் இயந்திரம், அதாவது சொஃப்ற்னர், உண்மையிலேயே வேண்டும். இல்லாவிட்டால் சுடுநீர்த் தாங்கியும் ஷவரும் சுண்ணாம்பு பிடித்துவிடும். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ அது ஒரு வசதி, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரில் தலை முழுகி வளர்ந்த எங்களுக்கு இது ஒரு கடினமா என்று என் தகப்பனார் சிரித்திருப்பார்.

ஆனால் கதவைத் தட்டி வருபவர் அப்படிச் சொல்வதில்லை. அவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுக்கிறார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் தம் இயந்திரம் வடித்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் செம்மண் சேறு போல ஆகிறது. அவருடையது தெளிவாகவே நிற்கிறது. "இதைத்தானா பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். இந்த வேடிக்கையின் விளக்கம் எளிது. கம்பி இரும்பு. உப்புக்கள் கரைந்த நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். பாயும்போது இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் ஓடாது, ஆகவே துருவும் இல்லை. அழுக்கு வந்தது அவருடைய கம்பியிலிருந்து, உங்கள் குழாயிலிருந்து அல்ல. அவருடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள். பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார்.

எமக்குத் தெரிந்த ஒரு வயோதிபத் தம்பதியினர் இதற்கு அகப்பட்டார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து இதே வித்தையைக் காட்டினார். ஐயா கையெழுத்து வைத்தார். மாதாமாதம் வாடகை வங்கியிலிருந்து போனது. சில வருடங்கள் கழித்து வீட்டை விற்கும்போதுதான், வீட்டின் காணிப் பதிவில் அந்த நிறுவனம் ஒரு பிணையுரிமை எழுதி வைத்திருப்பதைச் சட்டத்தரணி கண்டுபிடித்தார். அதை நீக்கப் பல ஆயிரம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது. அந்த அம்மா பணத்தை விட, "நான்தான் கதவைத் திறந்தேன்" என்பதற்கே அதிகம் அழுதார். அவர்மேல் பிழையில்லை. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து இருக்கச் சொல்லும் பழக்கம் எங்களுடையது.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது, இதை வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில், நீங்கள் அழைக்காமல் வீடு தேடி வந்து சுடுநீர்த் தாங்கி, சொஃப்ற்னர், தண்ணீர் வடி முதலியவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவது தடைசெய்யப்பட்டுள்ளது. அப்படி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. நீங்களாகவே அழைத்து வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டாலும் 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். ‘நோசி’ என்று அழைக்கப்படும் அந்தப் பிணையுரிமை அறிவித்தல்களை வீட்டுப் பாவனைப் பொருட்களுக்காகக் காணிப் பதிவில் எழுதுவதை 2024 ஜூன் மாதம் மாகாண அரசு சட்டம் இயற்றி நிறுத்தியது. ஆனால் பதிவு போனாலும் ஒப்பந்தம் போகாது. எழுதிய வாடகை எழுதியதுதான்.

வடி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: குளோரின் மணம் பிடிக்காவிட்டால் கரிவடி பொருத்திய ஒரு சாடி போதும். பெட்டியில் என்எஸ்எஃப் 42 என்றிருந்தால் சுவைக்கும் மணத்துக்கும், 53 என்றிருந்தால் ஈயம் போன்ற உடல்நலத்துக்குக் கேடானவற்றுக்குமான தரம். எந்தெந்தப் பொருளை நீக்குகிறது என்பதையும் பெட்டியில் வாசியுங்கள். உள்ளிருக்கும் வடியைக் காலத்தில் மாற்றாமல் வைத்திருப்பது வடி இல்லாததிலும் மோசம். எதிர்ச் சவ்வூடு முறையில், அதாவது ஆர்ஓ வடியில், பெரும்பாலான உப்புக்கள் போகும்; ஆனால் பல வகைகள் ஒரு லீற்றர் தருவதற்கு மூன்று நான்கு லீற்றரைச் சாக்கடைக்கு அனுப்பும், அதற்கும் தண்ணீர்க் கட்டணம் உண்டு. சொஃப்ற்னர் பூட்டுவதானால் சமையலறையின் குளிர்நீர்க் குழாயை அதில் சேர்க்காமல் விடச் சொல்லுங்கள். அது கல்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பது. இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய வீடு வாங்குவோருக்கு உண்மையான பயம் வேறு. 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளில் வீதியிலிருந்து வரும் குழாய் ஈயமாக இருக்கலாம். நிலக்கீழ் அறையில் மீற்றருக்கு முன்னால் வரும் குழாயைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறமாய், மென்மையாய், சுரண்டிய இடம் பளபளத்தால் அது ஈயம். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீட்டில் இதை ஒத்திப்போடக் கூடாது. கனடிய சுகாதாரத் திணைக்களம் 2019 இல் ஈயத்தின் எல்லையை லீற்றருக்கு 0.005 மில்லிகிராமாகக் குறைத்தது. ரொறன்ரோவில் உங்கள் பக்கக் குழாயை நீங்கள் மாற்றினால் மாநகரசபை தன் பக்கத்தை மாற்றிக் கொடுக்கும் திட்டம் உண்டு. 311 இல் விசாரிக்கலாம். 1990களின் நடுப்பகுதிக்கும் 2007 க்கும் இடையில் கட்டிய வீடு அல்லது கொண்டோ என்றால், செம்மஞ்சளும் நீலமுமான ‘கைற்றெக்’ குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை வெடிக்கும். இழப்பீடு கோரும் காலமும் 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது.

எந்த வீடானாலும் ஒரு பழக்கம்: சுடுநீர்க் குழாயிலிருந்து கேத்திலை நிரப்பாதீர்கள். கெதியாகக் கொதிக்கும் என்று பலர் செய்கிறார்கள். சூடான நீர் உலோகத்தை அதிகம் கரைக்கும்.

கட்டுநரிடமிருந்து புதிதாக வாங்குபவர்கள் காட்சியறைக்குப் போகும்போது ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம். பளபளக்கும் குழாய்களைப் பிறகு எப்போதும் மாற்றலாம்; சுவருக்குள் போவதைப் பிறகு மாற்ற முடியாது. ஆகவே காசைச் சுவருக்குள் போடுங்கள். பெற்றோருக்காகக் கீழ்த்தளத்தில் ஷவருடன் ஒரு குளியலறை, பிடிகம்பி பூட்டுவதற்கு ஓட்டுக்குப் பின்னால் பலகை, நிலக்கீழ் அறையில் பின்னொரு நாள் குளியலறை கட்டுவதற்கான குழாய் முனைகள், கொமொட்டுக்குப் பக்கத்தில் ஒரு மின்செருகி. இவை சுவர் மூடுமுன் செய்ய வேண்டியவை. பொரியலுக்கும் மீனுக்குமென்று கராஜுக்குள் சிங்க் வைக்க விரும்புவோர் உண்டு. சூடாக்காத கராஜில் தண்ணீர்க் குழாய் போட்டால் ஜனவரியில் அது பிளக்கும், வேண்டாம்.

விற்பனை ஒப்பந்தத்திலேயே சுடுநீர்த் தாங்கி வாடகை என்று எழுதியிருப்பது இங்கு வழமை. உதாரணமாக, மாதம் 45 டொலர் என்றால் 12 வருடத்தில் 6,480 டொலர், வருடாந்த ஏற்றம் சேராமலே. தாங்கி அந்த விலை இல்லை. வாங்கும் விலை என்ன, எப்போது விலகலாம் என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். தாங்கி இல்லாத, சுவரில் தொங்கும் வகையை வாங்குவோர் பெட்டியிலுள்ள பெரிய இலக்கத்தை நம்ப வேண்டாம். அது மிதமான நாட்டுக் கணக்கு. இங்கு மாசி மாதத்தில் நீர் உறைநிலைக்குச் சில பாகை மேலே வந்து சேரும். அப்போது எத்தனை ஷவருக்குக் காணும் என்று கேளுங்கள். விசிறி வைத்துப் புகையை வெளியேற்றும் தாங்கி மின்சாரம் போனால் வேலை செய்யாது. 2013 டிசம்பர் பனிப்புயலில் பலர் இதைப் படித்தார்கள். தாங்கியின் வெப்பம் 60 பாகையில் இருப்பது நல்லது, குறைந்தால் அதற்குள் கிருமி வளரும். ஆனால் குழாயில் வருவது 49 பாகைக்கு மேற்படக் கூடாது என்பது ஒன்ராறியோ கட்டடச் சட்டம். இரண்டையும் இணைப்பது கலப்பு வால்வு ஒன்று. அது தாங்கியின் தலையில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளின் தோலுக்கு 60 பாகை நீர் சில விநாடி போதும்.

இனி எம்மவர் எல்லோரும் முதல் வாரத்திலேயே பூட்டும் கைத்தெளிப்பான். கழுவும் பழக்கத்தை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் நீர்க்குழாயில் எப்போதும் அழுத்தம் நின்றால் ஒரு நாள் வெடிக்கும். வேலை முடிந்ததும் சுவரருகே உள்ள வால்வைப் பூட்டுங்கள். நீர் திரும்பிப் பாயாமல் தடுக்கும் வால்வு உள்ள வகையாகவும் இருக்க வேண்டும்; முனை கொமொட்டுக்குள் கிடக்கும்போது வீதிக் குழாயில் அழுத்தம் விழுந்தால், அந்த நீர் குடிநீருக்குள் இழுபடலாம். குளிர்காலத்தில் ஐஸ் போலத் தெளிக்கிறது என்று குறைப்படுவோர் சுடுநீரும் கலக்கும் வகையை, அல்லது மின்சாரத்தால் சூடாக்கும் இருக்கையை வாங்கலாம். அந்த மின்செருகியை ஏன் சொன்னேன் என்று இப்போது விளங்கும்.

கொமொட் இப்போது 4.8 லீற்றரில் கழுவ வேண்டும். பழையவை 13 லீற்றரும் அதற்கு மேலும் குடித்தன. குறைந்த நீரில் அடைக்குமே என்ற கவலைக்கு ‘மேப்’ என்னும் சோதனைப் புள்ளி இருக்கிறது. கனடாவில் 2003 இல் தொடங்கிய இந்தச் சோதனையில் சோயா விழுதை உள்ளே போட்டு எத்தனை கிராம் ஒரே தரத்தில் போகிறது என்று அளக்கிறார்கள். 1,000 கிராம் உயர்ந்த புள்ளி. விருந்தினர் வந்து போகும் வீட்டுக்கு 800 க்குக் கீழே வாங்க மாட்டேன்.

கொழும்பிலும் சென்னையிலும் வாங்கிய பித்தளைக் குழாய்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோர் இருக்கிறார்கள். அழகுதான். ஆனால் அங்கு புரி பிரித்தானிய முறை, இங்கு அமெரிக்க முறை. அரை அங்குலத்தில் இரண்டிலும் அங்குலத்துக்கு 14 புரி என்பதால் பூட்டினால் ஏறும். புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. எத்தனை சுற்று ரேப் சுற்றினாலும் கசியும். சிஎஸ்ஏ முத்திரையும் இராது. அதைப் பூசை அறையில் கெண்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

வீட்டை ஒப்புக்கொள்ளும் நாள் பார்வையிடலில் எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். குழாய் அமைப்பிலுள்ள பிழைகளுக்கு ராறியன் உத்தரவாதம் இரண்டு வருடம். பிரதான வால்வு எங்கே என்று வீட்டிலுள்ள எல்லோரும், அம்மம்மா உட்பட, தொட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். மார்கழியில் ஊருக்குப் போகுமுன் அதைப் பூட்டுங்கள். வெளியிலுள்ள தோட்டக் குழாய்க்கு உள்ளே ஒரு வால்வு இருக்கும், அதை ஐப்பசியிலேயே பூட்டி, வெளிக்குழாயைத் திறந்து வடிய விடுங்கள்.

பூசை அறைக்குள் சிங்க் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கைகழுவ வைக்கலாம். அபிஷேகத் தீர்த்தம் சாக்கடைக்குள் போகக் கூடாது என்று நினைப்பவர்கள் அதை ஒரு பாத்திரத்தில் ஏந்தி, கோடையில் முற்றத்துச் செடியின் அடியிலும், குளிர்காலத்தில் யன்னலோரத் துளசிச் சாடியிலும் ஊற்றுகிறார்கள். பாலும் தேனும் கலந்ததென்றால் நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் சாடி எறும்பு பிடிக்கும்.