கொள்ளைநோய்க் காலத்து மருத்துவர் மனம்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தோதினார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்பன அவை. இந்நான்கும் தத்தம் நிலையில் அமையுங்கால் மருத்துவர்தம் சுமை ஒருவர் தாங்கும் அளவினதாகும். அவை நிலைபிறழுங்கால் நேர்வது யாது? 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கோவிட் நோய் இவ்வினாவிற்கு விடை தந்தது. அக்காலத்தே மருத்துவர் எய்திய மனத்துயரின் காரணங்களை இந்நாற்கூறு கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் மருந்தைக் கருதுவாம். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் சீனத்து ஊகான் நகரில் கண்டறியப்பட்ட அந்நோய்க்கு உரிய மருந்து அப்போது யாதும் இலது. இத்தாலி நாட்டு லொம்பார்டியில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிரம்பின. 2020 மார்ச்சுத் திங்களில் அந்நாட்டு மயக்கமருந்து, தீவிர சிகிச்சை வல்லுநர் சங்கம், பிழைக்கும் வாய்ப்பு மிக்கோர்க்கு முதலிடம் தரலாம் என நெறி வகுத்தது. எல்லாரையும் காக்கப் பயின்ற ஒருவர், யாரைக் காப்பது எனத் தெரிந்தெடுக்க நேரின், அவர் உள்ளத்திற் படும் புண் வெறுங் களைப்பன்று. களைப்பு உறக்கத்தால் நீங்கும். இப்புண்ணோ உறக்கத்தையே கெடுக்கும்.

இரண்டாவது, அருகிருந்து துணைசெய்வோன். தொற்றுக்கு அஞ்சி உற்றார் உறவினர் பெரும்பாலும் நோயாளியிடம் விடப்பட்டிலர். ஆகவே அவர்தம் கடமையும் மருத்துவர்மேலும் தாதியர்மேலும் வீழ்ந்தது. உயிர்பிரியும் தந்தையின் செவியருகே தொலைபேசியைப் பிடித்து, மக்களின் குரலைக் கேட்பித்தவரும் அவரே. பின்னர் அம்மக்கட்கு இறப்பை அறிவித்தவரும் அவரே. முகமும் மறைக்கப்பட்ட கவசத்துள் நின்று அவர் கூறிய ஆறுதல் எத்துணை அரிதின் வந்ததோ!

மூன்றாவது, நோயுற்றவன். மருத்துவரே நோயாளியாயினர். 2020 சனவரி முதல் 2021 மே வரை மருத்துவப் பணியாளருள் ஏறத்தாழ 1,15,500 பேர் இந்நோயால் மாண்டிருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தம் சாவினும், இல்லிலுள்ள முதியோர்க்கும் குழவிகட்கும் நோயைக் கொண்டுசெல்வோமோ என்னும் அச்சமே பலரை வாட்டிற்று. சீனத்தில் 34 மருத்துவமனைகளைச் சார்ந்த 1,257 மருத்துவரையும் தாதியரையும் 2020 தொடக்கத்தில் வினவியபோது, நூற்றுக்கு 50 பேரிடம் மனச்சோர்வின் குறிகளும், 34 பேரிடம் உறக்கமின்மையும் காணப்பட்டன.

எஞ்சியது, தீர்ப்பவன் என்னும் கூறு. அவரை உலகம் நடத்திய முறை யாது? 2020 மார்ச்சு 22-ஆம் நாள் மாலையில் இந்திய மக்கள் தத்தம் வாயிலில் நின்று கைதட்டி மருத்துவரைப் போற்றினர். ஒரு திங்கள் நிறையுமுன், ஏப்ரல் 19-ஆம் நாள், நோயால் இறந்த நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் என்பாரின் உடலைச் சென்னையில் அடக்கஞ்செய்யவொட்டாது ஒரு கூட்டம் கல்லெறிந்து தாக்கியது. மூன்றாம் நாள், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. சட்டம் கல்லைத் தடுக்கும். கல்லெறியப்பட்டார்தம் தோழர் நெஞ்சிற் பதிந்த காட்சியை அது நீக்குமோ?

போற்றுதலும் சிலபோது தீங்கு செய்யும். தெய்வம் என்று புகழப்பட்டவர் அழுதற்கு நாணுவர். அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்து அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் அம்மையார், நோயுற்று மீண்டு, பணிக்குத் திரும்பி, ஏப்ரல் 26-ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உளச்சிகிச்சை பெற்றமை வெளிப்படின் தொழில் உரிமை பறிபோமென அவர் அஞ்சினார் என்று அவர்தம் குடும்பத்தார் கூறினர். மருத்துவப் பணியாளரின் மனநலங் காக்க 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இதுகாறுங் கூறியவாற்றான், மருத்துவர்தம் மனத்துயர் அவருடைய கோழைமையால் விளைந்ததன்று என்பதும், நால்வகைச் சுமையும் ஒருவர் தோளில் ஏறியதால் விளைந்ததென்பதும் பெறப்படும். ஆதலின் தீர்வும் சுமையைப் பகிர்தலே. முறைவைத்து ஓய்வு, போதிய கவசம், அரிய முடிவுகளைத் தனியொருவரிடம் விடாது குழுவாய்க் கூடி எடுத்தல், அச்சமின்றி உளமருத்துவரை நாடும் உரிமை ஆகியன கைதட்டலினும் பயனுடையன. தீர்ப்பவர்க்கும் அருகிருந்து துணைசெய்வோர் வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வருமுன் அத்துணையை அமைத்தல் நம் கடன் அன்றோ!