பேட்ச் வந்த தேதி எது?

கேள்வி: திருவொற்றியூரில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வைத்துத் தொழில் நடத்தும் ஒரு வாசகரின் அலுவலக டேட்டாபேஸ் சர்வரில், டிரைவர்களின் பேங்க் கணக்கு எண், ஆதார் நகல், கைரேகை வருகைப்பதிவு எல்லாம் இருந்தன. ஒருநாள் காலையில் அத்தனையும் அழிந்துபோய், பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் கிடந்தது. “டேட்டாபேஸ் சாஃப்ட்வேரிலேயே ஓட்டை, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்கிறார் அதைப் போட்டுக்கொடுத்தவர். தன் விவரங்கள் வெளியே போய்விட்டதாக ஒரு டிரைவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இதில் யார் பொறுப்பு என்று வாசகர் கேட்கிறார்.

பதில்: டிரைவரைப் பொறுத்தவரை, பதில் சொல்ல வேண்டியவர் முதலில் டிரான்ஸ்போர்ட் உரிமையாளர்தான். “நான் ஒன்றும் பெரிய கம்பெனி இல்லையே” என்ற வாதம் எடுபடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஏ பிரிவு, கூட்டு வணிகத்தையும் தனி ஒருவர் நடத்தும் தொழிலையும் நிறுவனம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள், பேங்க் கணக்கு விவரத்தையும் கைரேகை போன்ற உடல் அடையாளங்களையும் தனிக் கவனத்தோடு காக்க வேண்டிய தகவல்களாகச் சொல்கின்றன. ராயபுரத்தில் ஒரே அறையில் இயங்கும் ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கும் எண்ணூரில் நூறு வண்டி ஓட்டுபவருக்கும் இது பொருந்தும்.

ஓட்டை இருந்தது என்பதாலேயே உரிமையாளர் தவறு செய்தவராகிவிடமாட்டார். நியாயமான பாதுகாப்பு நடைமுறைகளைக் கடைப்பிடிப்பதில் அலட்சியம் இருந்ததா, அந்த அலட்சியத்தால் இழப்பு வந்ததா என்றுதான் சட்டம் பார்க்கும். அலட்சியத்தை நிரூபிக்கத் தேதிகளைவிட நல்ல சாட்சி கிடையாது.

2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ என்ற புழு மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 2000-ஐத் தாக்கியது. அதன் அளவு வெறும் 376 பைட். அது நுழையக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்ட ஆறு மாதத்துக்கு யாரிடம் பதில் இருக்கும்?

2012-இல் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டின் சில பதிப்புகளில் வேறொரு பிழை வெளியே வந்தது. பயனர் பெயர் தெரிந்தால் போதும், தவறான பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் 256-இல் ஒரு வாய்ப்பில் சர்வர் உள்ளே விட்டுவிடும். பேட்ச் வருவதற்கு முன்பு இதில் மாட்டிக்கொண்டவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடம் கழித்தும் அதே பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தவரை அப்படி விட்டுவிட முடியாது.

வாசகர் விவரிப்பதைப் பார்த்தால், 2017 ஜனவரியில் உலகம் முழுக்க மாங்கோடிபி டேட்டாபேஸ்களுக்கு நடந்ததுதான் நினைவுக்கு வருகிறது. பாஸ்வேர்டே இல்லாமல் இன்டர்நெட்டில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு பிட்காயின் கேட்டார்கள். பணம் கட்டிய பலருக்கும் தகவல் திரும்பி வரவில்லை. அதில் சாஃப்ட்வேர் ஓட்டை எதுவுமே இல்லை. கதவைத் தாழிடாமல் விட்டதுதான் காரணம். எனவே சாஃப்ட்வேர்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். எந்தப் பதிப்பு ஓடியது, டேட்டாபேஸ் போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருந்ததா, பாஸ்வேர்ட் என்ன நிலையில் இருந்தது என்பதை வெளியாள் ஒருவர் பார்த்து எழுதித்தர வேண்டும்.

அதற்கு ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்க வேண்டும். தாக்குதல் நடந்ததும் கம்ப்யூட்டர் பையன் வந்து ஃபார்மட் செய்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிடுவார். வழக்கு அங்கேயே செத்துவிடும். டிஸ்க்கைக் கழற்றி முழு நகல் எடுத்து, நகல் மாற்றப்படவில்லை என்று காட்டும் அதன் ஹாஷ் மதிப்பைக் குறித்து வைக்க வேண்டும். பாரதிய சாட்சிய சட்டம் 2023-இன் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழில் அந்த மதிப்பு இடம்பெற வேண்டும்.

இன்னொன்று உடனே செய்ய வேண்டியது. சைபர் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி, இத்தகைய சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் கொடுக்க வேண்டும். டேட்டாபேஸ் சர்வர் மீதான தாக்குதல் அந்த உத்தரவின் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. நேரம் கடந்திருந்தாலும் இன்றே தெரிவிப்பது நல்லது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இலோ சைபர் க்ரைம் காவல் நிலையத்திலோ புகாரும் பதிய வேண்டும்.

சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர் தப்பிவிட முடியுமா? டேட்டாபேஸ் தயாரித்த கம்பெனி மீது போவது கடினம். பெரும்பாலான லைசென்ஸ்கள் உத்தரவாதத்தை மறுத்தே எழுதப்பட்டிருக்கும். உள்ளூர் ஆள் கதை வேறு. வருடாந்திரப் பராமரிப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு பேட்ச் போடவில்லை என்றால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 73-வது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஒப்பந்தம் எழுதாமல் வாய்ப்பேச்சில் நடந்திருந்தால் பில், ரசீது, வாட்ஸாப் செய்திகளைச் சேர்த்து வைக்கவும். லாப நோக்கில் வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் இது நிற்பது சந்தேகமே.

டிரைவரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் போக வேண்டிய இடம், சட்டப்படி தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருக்கும் தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலர். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். தூத்துக்குடிக்காரர் ஒருவர் ஃபிஷிங் மோசடியில் பணம் இழந்த வழக்கில், 2010 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று இந்த அதிகாரிதான் உத்தரவிட்டார். ஆனால் டிரைவர் தனக்கு ஏற்பட்ட இழப்பைக் காட்ட வேண்டும்.

இந்தக் கதவும் மூடப்போகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும்போது 43ஏ நீக்கப்படும். பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், தகவலை இழந்த தொழிலாளிக்கு அதில் பங்கு கிடையாது. டிரெய்லர் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது பெரிய அநீதி. வேறொருவர் பராமரித்த சர்வர் என்று உரிமையாளர் கைகழுவவும் புதிய சட்டம் இடம் தரவில்லை.

நோட்டீஸுக்குப் பதில் எழுதுமுன் உரிமையாளர் எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டை மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது. ஆதார் மூலம் கைரேகை வைத்தே பேங்க் பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொருவரும் எம்ஆதார் செயலியிலோ ஆதார் மையத்திலோ தங்கள் கைரேகையைப் பூட்டிவைக்க அலுவலகமே ஆள் போட்டு உதவட்டும். செய்ததைத் தேதியோடு பதிலில் எழுதவும். “ஓட்டை எங்களுடையதல்ல” என்ற ஒரே வரியை மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம்.