கண்ணாடியின் பூச்சு எந்தப் பக்கம்? மீட்டர் வைத்துப் பார்ப்போம்

கண்ணாடி வணிகம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு லோ-இ என்னும் வெப்பத்தடுப்புக் கண்ணாடியால் ஒரு தொல்லை உண்டு. பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடி போலவே இருக்கும். விலை மட்டும் கூடுதல். லேபிள் கிழிந்த ஷீட்டுகளும் வெட்டி மீந்த துண்டுகளும் கலந்துவிட்டால், பழகிய கண்ணுக்கும் பிரித்தறிவது கடினம். பக்கம் மாற்றிப் பொருத்திய கண்ணாடி திரும்பி வந்தால் நட்டம் நம்முடையதுதான்.

இந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தும். வெறும் கண்ணாடி கடத்தாது. ஆகவே எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சாதாரண மல்டிமீட்டரே போதும். குமிழை 2000 ஓம் அளவில் வையுங்கள். (200-ல் வைத்தால் சில சமயம் அளவு மீறி, பூச்சே இல்லை என்று ஏமாற்றிவிடும்.) கண்ணாடியை ஈரமின்றித் துடைத்து, இரு முனைகளையும் ஓரமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். எண் ஏதும் வராவிட்டால் கண்ணாடியைத் திருப்பி மறுபக்கமும் பாருங்கள். சில பத்து ஓம் காட்டும் பக்கமே பூச்சுள்ள பக்கம். முனை படிவதைப் பொறுத்து எண் கூடும், குறையும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பூச்சில் இரு வகை உண்டு. கண்ணாடி சூடாக இருக்கும்போதே ஏற்றப்படும் டின் ஆக்சைடு பூச்சு கெட்டியானது. முனை பட்டாலும் எளிதில் கீறாது. வெள்ளிப் பூச்சு மிக மென்மையானது. அதில் வெள்ளிப் படலம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். காற்றின் ஈரம் பட்டாலே கறுத்துத் திட்டுத் திட்டாகும். ஆதலால் அதை ஒற்றைக் கண்ணாடியாக விற்கக் கூடாது. இரட்டைக் கண்ணாடிக்குள் பூச்சு உட்புறம் இருக்குமாறு அடைத்தே பொருத்த வேண்டும். இதன் மேலடுக்கு மின்சாரம் கடத்தாததாகவும் இருக்கலாம். லேசாகத் தொட்டால் எண் வராது. அழுத்தினால் கீறல் விழும். ஃபிரேமுக்குள் மறையும் ஓரத்தில் மட்டும் சோதியுங்கள்.

ஏற்கெனவே அடைத்துவந்த இரட்டைக் கண்ணாடிக்கு மல்டிமீட்டர் உதவாது. பூச்சு உள்ளே அல்லவா இருக்கிறது! தொடாமலே பூச்சை உணர்ந்து, எந்த முகத்தில் இருக்கிறது என்று விளக்கெரித்துக் காட்டும் கைக்கருவிகள் இதற்கென உள்ளன. அவை இல்லாதவர்கள் இருட்டில் லைட்டர் சுடரைக் காட்டிப் பார்க்கலாம். நான்கு முகங்களுக்கு நான்கு பிம்பங்கள் தெரியும். அவற்றுள் நிறம் மாறித் தெரிவதே பூச்சுள்ள முகம். வெளியிலிருந்து எண்ணினால், வெயில் மிகுந்த நம் ஊருக்கு அது இரண்டாம் முகமாக இருப்பதே நல்லது. குளிர் நாடுகளில் பெரும்பாலும் மூன்றாம் முகம்.

ஒன்றில் மட்டும் ஏமாற வேண்டாம். மீட்டர் எண் காட்டவில்லை என்பதற்காக அது வெறும் கண்ணாடி என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மின்சாரம் கடத்தாத எதிரொளிப்புப் பூச்சுகளும் உண்டு. ஐயமுள்ள ஷீட்டைத் தனியே சாய்த்து வைத்து, அனுப்பியவரிடம் பில் எண்ணைச் சொல்லிக் கேட்ட பிறகே கட்டிங் மேசைக்கு எடுங்கள்.