கண்ணகி பரிமாறிய கடைசிச் சோறு

கேள்வி: முடிவு முன்பே தெரிந்த காதல் கதைகூட நம்மைக் கண்கலங்க வைக்கிறதே, எப்படி?

பதில்: அழவைப்பது முடிவல்ல, அதற்கு முன்னால் வரும் சின்னச் சின்ன விவரங்கள். கண்ணகியின் கணவன் கோவலன் கொலையுண்பான் என்பதைச் சிலப்பதிகாரப் பதிகமே சொல்லிவிடுகிறது. ஆனாலும் அதன் கொலைக்களக் காதையில் ஆசிரியர் இளங்கோ நிதானமாகக் காட்டுவது ஒரு சமையலை. அவர்கள் தங்கிய ஆயர் வீட்டுப் பெண் ஐயை வைக்கோலில் தீ மூட்டித் தருகிறாள். காய் அரியும் கண்ணகிக்கு விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. தரையில் நீர் தெளித்து, வாழைக் குருத்தை விரித்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். உண்டு முடித்தவனுக்கு வெற்றிலை பாக்கும் தருகிறாள். ஆடல்மகள் மாதவியிடம் அவன் தொலைத்த ஆண்டுகளெல்லாம் அந்த ஒரு இலையில் வந்து சேர்ந்துவிடுகின்றன. கண்ணகியின் சிலம்பை விற்க அவன் கிளம்பும்போது நமக்கு நெஞ்சு அடைப்பது அதனால்தான்.

அப்படியானால் விவரத்தை அடுக்கிக்கொண்டே போனால் போதுமா என்று கேட்கலாம். போதாது; எங்கே சுருக்குவது என்பதும் தெரிய வேண்டும். கோவலனைக் கொல்லும் வாள் வீச்சை இளங்கோ சில அடிகளில் முடித்துவிடுகிறார். ரத்தத்தை விரித்திருந்தால் அருவருப்புதான் வந்திருக்கும். காவியத்துக்கு அடுப்படி எதற்கு என்பவர்கள், அந்தப் பகுதியை நீக்கிவிட்டுப் படிக்கட்டும்: சிலம்பு விற்கப் போன வணிகன் இறந்தான் என்ற வெறும் செய்தியே மிஞ்சும். நீங்கள் அந்தக் காதையை ஒருமுறை வாய்விட்டு, மெதுவாகப் படித்துப் பாருங்கள்.