காலாற நடக்க மலை எதற்கு?

அன்புள்ள மாத்தளை வாசகிக்கு,

முழங்கால் வலியோடு மலையேற முடியாது, எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் ஓடுவதில்லை, காட்டில் நடப்பதெல்லாம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குத்தானே என்று கேட்டிருந்தீர்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. மலையகத் தமிழருக்கு நடை ஒருநாளும் பொழுதுபோக்காக வாய்த்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், தம்புள்ளைக் காடுகள் வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். இன்றும் கொழுந்துச் சுமையோடு சரிவில் ஏறி இறங்குகிற பெண்ணிடம், நடந்தால் மனம் லேசாகும் என்றால் சிரிப்பார். நான் சொல்வது வேறு நடை. சுமை கிடையாது, நேரக் கணக்கு கேட்க ஆளும் கிடையாது. அரை மணி நேரம் போதும்.

அதற்குத் தோதான இடம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தம்புள்ளையிலிருந்து கண்டலமை போகும் வீதியில், சாம் பொப்ஹாம் என்ற முன்னாள் தோட்டத்துரை 1963இல் உருவாக்கத் தொடங்கிய மரச்சோலை அது. சேனைப் பயிர்ச்செய்கையில் நைந்துபோன நிலத்தில் அவர் முதலில் கன்றுகள் நட்டார், பெரும்பாலானவை பிழைக்கவில்லை. பிறகு முட்புதர்களை மட்டும் வெட்டி விலக்கிவிட்டுக் காத்திருந்தார். முதிரை, பாலை, வீரை என்று அந்த மண்ணுக்கே உரிய மரங்கள் தாமாகத் தலையெடுத்தன. மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம் இல்லாத நிழல்பாதைகள் இப்போது அங்கே உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சிறு வீடும் உள்ளே இருக்கிறது.

எழுத்து ஓடாத உங்களுக்கு அந்த மனிதரின் பொறுமையைத்தான் சிபாரிசு செய்வேன். புதிதாக எதையும் நட முயலாமல், தலைக்குள் மண்டிய புதரைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தவர்களைவிட நடந்தவர்களுக்கே புதிய யோசனைகள் அதிகம் தோன்றின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் அப்படியே. ஆகவே காடு எட்டாத நாளில் வீட்டு முற்றமும் உதவும். ஆனால் கண்ணுக்கு ஓய்வும் காதுக்குக் குருவிச் சத்தமும் சுவர் தராது.

குளிர்ச்சி வேண்டுமென்றால் இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் கடந்து பிட்டவல பத்தனைக்குப் போகலாம். பாறைமேல் மெல்லிய மண்தான் என்பதால் அங்கே மரம் வளர்வதில்லை, புல் மட்டுமே. 2010இல் உலக மரபுரிமையான நக்கிள்ஸ் மலைத்தொடரை அங்கே நின்றபடியே பார்க்கலாம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். காலுக்கு உப்போ சவர்க்காரமோ பூசிக்கொள்ளுங்கள். கண்டலமைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. இருட்டுமுன் திரும்புங்கள், தனியே போகாதீர்கள்.

போகும்போது கொப்பியைக் கையில் எடுக்காதீர்கள். எழுத வேண்டும் என்று நடந்தால் அதுவும் ஒரு வேலையாகிவிடும். ஒரு மரத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் அதில் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வீட்டில் யாராவது “எங்கே, எதற்கு?” என்று கேட்டால், “சும்மா” என்றே சொல்லுங்கள். அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை நம் பாட்டிமாருக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

அன்புடன்,
கட்டுரையாளர்